விரல் கற்ற ஆங்கிலம்

சேவூர் நிறுத்தத்தில் டவுன் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். மின்கம்பத்தில் யாரோ புதிதாக ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பசை இன்னும் காயவில்லை. 'அலுவலக ஆங்கிலம், இன்டர்வியூ ஆங்கிலம், ஈமெயில் ஆங்கிலம். கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்' என்று போட்டிருந்தது. கூச்சத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவது எப்படி என்று மட்டும் போடவில்லை. பாடமே அதுதானே! அதற்குள் ஒரு மாடு வந்து நோட்டீஸின் கீழ்ப்பகுதியை, அதாவது கட்டண விவரத்தை, நிதானமாக நக்கித் தின்ன ஆரம்பித்தது. ஆரணியில் ஆங்கிலத்தால் யாராவது வயிறு நிறைந்து நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

மைதாவும் மயில்துத்தமும் கலந்த அந்தப் பசையின் வாசனை இருக்கிறதே, எனக்கு அது எப்போதும் தாரின் வாசனையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடும். எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. களம்பூரில் நிற்கும். அந்த ஸ்டேஷனுக்குத்தான் ஆரணி ரோடு என்று பெயர். சின்ன வயதில் அப்பாவோடு அங்கே போனபோது, பெயர்ப்பலகையில் ஒரு வரி மட்டும் கறுப்பாக மெழுகியிருந்தது. "அது ஹிந்தி. நம்ம பசங்க தார் பூசினது" என்றார் அப்பா, தானே பூசியதைப் போன்ற குரலில். அவர் பூசியிருக்க முடியாது. வெள்ளை வேட்டியில் பேனா மை பட்டாலே அன்றைக்குச் சாப்பிட மாட்டார். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், பரீட்சையில் ஒரு பாடம் குறைந்தது என்பதுதான். மொழிக் கொள்கையின் பலனை நான் உடனடியாக அனுபவித்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர். நாங்கள் வேதக்காரர்கள். இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்துப் படிக்க எங்கள் தெருவில் யாருக்கும் வரவில்லை. சுற்றிலும் பட்டுத் தறி போட்ட வீடுகள். அவர்களுடைய கணக்கில், வேதக்காரர் என்றால் ஆங்கிலம் பிறவியிலேயே வந்துவிடும். வெள்ளைக்காரன் சாமியைக் கும்பிட்டுவிட்டு அவன் பாஷை தெரியாமல் எப்படி இருக்கும் என்பது அவர்கள் நியாயம். அதனால் தந்தி வந்தாலும், மருந்து பாட்டில் வந்தாலும், வடக்கத்திச் சேட்டு எழுதிய கடிதம் வந்தாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

"வாத்தியாரு புள்ள கீறானா? ஜல்தியா இத்த கொஞ்சம் படிச்சி சொல்லச் சொல்லுங்க."

நான் அதை வாங்கிக்கொண்டு கம்பீரமாக உள்ளே போவேன். உள்ளே போய் அப்பாவிடம் கொடுப்பேன். அப்பா அகராதியை எடுப்பார். அந்த அகராதியில் கடைசி நாற்பது ஐம்பது பக்கம் கிடையாது. அதனால் எங்கள் வீட்டில் 'யு' எழுத்து தொடங்கி எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் அர்த்தம் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு, பிரசங்கம், அறிக்கை எல்லாம் தமிழ்தான். ஆண்டவரே எங்களோடு தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தார். அதைத் தெருவில் சொன்னால் நம்ப ஆளில்லை.

என்னைப் பள்ளியில் சேர்த்த கதையை அம்மா அடிக்கடி சொல்லுவாள். கான்வென்டில் எனக்கு ஓர் இடம் இருந்ததாம். எங்கள் சபை ஆட்கள் இரண்டு பேர் சிபாரிசுகூடச் செய்தார்களாம். அப்பா மறுத்துவிட்டார்.

"தாய்மொழியில யோசிக்கிறவன்தான் யோசிக்கிறான். மத்தவன் மொழிபெயர்க்கிறான்" என்றாராம்.

"யோசிச்சிகினே உக்காந்துகினு இருப்பான். சம்பளம் யாரு குடுப்பா?" என்றாளாம் அம்மா.

மொழிக் கல்வியைப் பற்றி இதுவரை நான் படித்த கமிஷன் அறிக்கைகள், கட்டுரைகள், தலையணை அளவுப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டி மூன்றாவதாக ஒன்றை யாரும் சொல்லவில்லை. அவர்கள் அடிக்குறிப்பு போட்டுச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆக, தமிழ் வழி. நான் குறை சொல்லவில்லை. கணக்கும் அறிவியலும் எனக்குப் புரிந்தது தமிழில் படித்ததால்தான். ஆனால் ஆங்கிலமும் தமிழ் வழியில்தான் நடந்தது! வாத்தியார் ஒரு வரி படிப்பார், அதைத் தமிழில் சொல்வார், அடுத்த வரிக்குப் போவார். மணி அடிக்கும்போது எங்களுக்குக் கதை தெரிந்திருக்கும், ஆங்கிலம் தெரிந்திருக்காது. பரீட்சைக்குக் கட்டுரையை மனப்பாடம் செய்தோம். மழைக்காலம் பற்றி ஒன்று, பசு பற்றி ஒன்று. வேறு எது கேட்டாலும், நடுவில் மழை பெய்யவைத்து மாட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவோம். கல்லூரியிலும் தமிழ் வழியில் சேர்ந்தேன். சேர்ந்தவர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகையும் கொடுத்தது. தமிழில் படி என்று அரசாங்கம் சொன்னது, படித்தேன். படித்து முடித்ததும் வேலைக்கு ஆங்கிலத்தில் பேசு என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். இந்த இரண்டு தரப்பும் என்றைக்காவது ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கலந்து பேசியிருக்கலாம். என் காலத்தில் அப்படி ஒரு டீக்கடை திறக்கப்படவில்லை.

நீங்களே கற்றுக்கொண்டிருக்கலாமே என்பீர்கள். முயன்றோம். நூலகத்துக்கு வரும் ஆங்கிலப் பத்திரிகையில் வேலை விளம்பரப் பக்கம் இருக்காது, எவனோ கிழித்துக்கொண்டு போயிருப்பான். ரேடியோவில் ஆங்கிலச் செய்தி வாசிப்பவர் எங்களிடம் எதையோ மறைப்பதைப் போல வேகமாகப் போவார். பஸ் ஸ்டாண்டில் ஒரு சின்னப் புத்தகம் விற்றார்கள், தமிழ் மூலம் ஆங்கிலம் பேச. முழுக்க உரையாடல்கள். எஜமானருக்கும் சலவைக்காரருக்கும், எஜமானருக்கும் சமையல்காரருக்கும், எஜமானருக்கும் குதிரைவண்டிக்காரருக்கும். என் சட்டைக்கு ஏன் கஞ்சி போடவில்லை என்று ஆங்கிலத்தில் அதட்ட நான் அதில்தான் கற்றேன். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் பிழையில்லாமல் அதட்டுவேன். என் சட்டையை அம்மாதான் துவைத்தாள்.

கடைசியில் ஊரில் இருந்த ஒரே ஆங்கில ஸ்தாபனத்துக்குப் போனேன். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஜரிகைக் கடைக்கு மேலே மாடி. படி ஏறும்போதே மிஷின் எண்ணெய் வாசனை முகத்தில் அடிக்கும். கீழே தெருவில் தறிச் சத்தம், மேலே டைப் சத்தம். இரண்டும் கலந்து எது எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நடத்தியவர் ஏகாம்பரம் மாஸ்டர். நெசவுக் குடும்பம். தறியில் உட்காராமல் டைப் அடிக்கப் போனவர். ஆங்கிலம் கற்பது பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது.

"நெய்யறவன் டிசைன் அட்டைய படிச்சிகினா நெய்யறான்? மிதிச்சா பூ வுழுதா இல்லியா? அப்பிடித்தான் இங்கிலீஷும். வெரலு கத்துகிச்சினா வாயி தன்னால கத்துக்கும். அர்த்தம் கேட்டுகினு நிக்காத, ஸ்பீடு போய்டும்."

சிரிக்காதீர்கள். அட்டையில் குத்திய ஓட்டைகளிலிருந்து மயிலும் மாங்காயும் சேலையில் இறங்குவதை நாள் முழுக்கப் பார்க்கும் ஊர் அது. அந்த ஊரில் இதைவிட நம்பத்தகுந்த கல்விக் கொள்கை வேறு ஏது? ஊரில் பாதிப் பேர் நம்பினோம். அர்த்தம் தெரியாமலே பிழையில்லாமல் அடித்து, லோயர், ஹையர் என்று வரிசையாகப் பாஸ் செய்தோம்.

பக்கத்து மிஷினில் குப்பு. முள்ளிப்பட்டிலிருந்து சைக்கிளில் வருவான். வீட்டில் இரண்டு தறி. எங்களுக்குப் பயிற்சிக்குத் தந்தது வியாபாரக் கடிதங்கள். பம்பாயிலிருந்து வந்த பேல்கள் நனைந்துவிட்டன, அதற்காக நாங்கள் மிகவும் வருந்துகிறோம் என்கிற மாதிரி. ஒரு நாள் குப்பு விரலை எடுக்காமலே கேட்டான்.

"இன்னாடா, இந்தாளு டெய்லி வருத்தப்பட்டுகினே கீறான்? இன்னாதான் ஆச்சாம்?"

"மூட்ட நனைஞ்சிடுச்சாம்."

"காயப் போட வேண்டியதுதான? இதுக்குப் போயி லெட்டரு எழுதிகினு."

இந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து எனக்கு இன்டர்வியூ வந்தது. கைத்தறித் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி. வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலை. எனக்கென்றே செய்ததைப் போல இருந்தது. பட்டு தெரியும், டைப் தெரியும், ஊரே நம்புகிறபடி ஆங்கிலமும் தெரியும். அப்பா என்னைவிடப் பரபரப்பாக இருந்தார். வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கோயிலில், டீக்கடையில், பள்ளி வராந்தாவில் சொல்லிக்கொண்டு திரிந்தார். தமிழில் படித்த பையன் மெட்ராஸ் கம்பெனிக்குப் போகிறான், பார்த்துக்கொண்டே இருங்கள் என்று. எனக்கு அது வேலை. அவருக்கு அது வழக்கின் தீர்ப்பு. அம்மா புளிசாதம் கட்டிக் கொடுத்தாள்.

டைப் பரீட்சையில் நான்தான் முதல். மற்றவர்கள் இரண்டாவது தாளைச் சொருகும்போது நான் எழுந்து நின்றுவிட்டேன். பிறகு ஓர் அறை, மேசை, மூன்று பேர். நடுவில் இருந்தவர் சிரித்தபடி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கேள்வி புரிந்தது. ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறாய் என்பதுதான். பதிலும் என்னிடம் இருந்தது. தமிழில் முழு உருப்படியாக இருந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"டியர் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் லெட்டர்" என்றது வாய்.

சித்தாந்தம் பொய் இல்லை. விரல் கற்றது வாய்க்கு வந்துவிட்டது. வேறு எதுவும் வரவில்லை என்பதுதான் சங்கடம். அடுத்து, ஆரணிப் பட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். "வீ ரெக்ரெட் டு இன்ஃபார்ம் யூ" என்றேன். மூவரும் காத்திருந்தார்கள். அப்புறம் ஓரத்தில் இருந்தவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பத்து விரலும் மேசை விளிம்பில் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தன. நல்ல வேகம். கம்பெனி பார்த்த ஹையர் ஆட்களில் யாரும் மேசையில் அவ்வளவு சுத்தமாக அடித்திருக்க மாட்டார்கள்.

வராந்தாவில் வந்து நின்றேன். நடுவில் இருந்தவர் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, ஆரணிக்கு பஸ் எங்க நிக்கும்னு தெரியுமா? சாப்ட்டீங்களா?"

தமிழ்! நல்ல, தெளிவான, எங்கள் பக்கத்துத் தமிழ். அவருக்குச் சொந்த ஊர் வேலூர்ப் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தை நீங்கள் நினைத்துப் பார்க்கலாம். வேலை கொடுக்காமல் இருக்க ஆங்கிலம், வழி சொல்லி அனுப்பத் தமிழ். இருமொழிக் கொள்கை என்பது இதுதானா என்று அவரையே கேட்டிருக்க வேண்டும். "தெரியும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியாது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அவங்க கேட்டதத் தமிழ்ல கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்ப்பா."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்கும்."

"சரி, இப்ப நான் கேக்கறேன். இந்த வேலைக்கு ஏன் வர்றே?"

விளையாட்டு என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. சொன்னேன். நூல் சுற்றும் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்தவன், எந்த அவசரத்தில் நெய்தால் எங்கே குறை விழும் என்று தெரியும், வாங்குகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் நடுவில் நிற்க என்னால் முடியும் என்றேன். ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் என்ன வித்தியாசம் என்றார். எங்கள் சேலை எடை குறைவு, நாள் முழுக்கக் கட்டியிருந்தாலும் தோளில் பாரம் தெரியாது, காஞ்சிபுரம் கல்யாணத்துக்கு, ஆரணி கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்கு என்றேன். இன்னும் என்னென்னவோ கேட்டார். நான் அவ்வளவு நன்றாகப் பேசியது வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்பா எழுந்தார். "வேலை உனக்குத்தான்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அந்த ஜூன் மாதம் என் தங்கையைத் தமிழ் வழியிலிருந்து எடுத்து, ஒரு வகுப்பு கீழே இறக்கி, கான்வென்டில் சேர்த்தார். யாரையும் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கவில்லை. அம்மாவும், தான் ஜெயித்துவிட்டதாக ஒரு தடவைகூட சொல்லவில்லை. சிஸ்டர் ஏதோ ஆங்கிலத்தில் கேட்டாராம், அப்பா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாராம். தங்கை வந்து சொன்னாள்.

நான் பிறகு ஓர் அரசு அலுவலகத்தில் நுழைந்து, யாரோடும் எந்த மொழியிலும் பேசத் தேவையில்லாத ஒரு நாற்காலியில் காலத்தைக் கழித்தேன். குப்பு டைப்பை விட்டுவிட்டுப் பட்டு வியாபாரத்தில் இறங்கினான். கை ஜாடையிலேயே வடநாடு முழுக்க விற்றான். இன்ஸ்டிடியூட் இருந்த மாடியில் இப்போது செல்போனுக்கு உறை விற்கிறார்கள். தந்தி போயிற்று. மருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இப்போது யாரும் யார் வீட்டு வாசலுக்கும் வருவதில்லை, போனிலேயே பார்த்துக்கொள்கிறார்கள். மொழிக் கொள்கையைப் பற்றி டிவியில் தினமும் எட்டுப் பேர் கத்துகிறார்கள். நல்ல தமிழில் கத்துகிறவர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கும் பேஜாரான வேலையை நான் செய்வதில்லை.

அந்த ஜூனுக்குப் பிறகு அப்பா இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். தமிழ் சொல்லிக்கொடுத்தார், ஓய்வு பெற்றார், பேரப்பிள்ளைகளைப் பார்த்தார். பழைய சிநேகிதர்கள் வந்து உட்கார்ந்து, "வாத்தியாரே, மறுபடியும் இந்த மொழிப் பிரச்சினைய கிளப்பறானுங்களே, இன்னா சொல்றீங்க?" என்று வழக்கம்போல் ஆரம்பிப்பார்கள். ஒரு காலத்தில் அதற்கு ஒன்றரை மணி நேரம் பதில் சொன்ன மனிதர், வாசல் பக்கம் எட்டி வானத்தைப் பார்ப்பார்.

"மழை வரும்போல இருக்குது" என்பார்.