விதை வாங்க விடாத சுந்தரம்

ஞாயிற்றுக்கிழமை காலை சுந்தரத்தின் வீட்டுக்குப் போக ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி மீனாவிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அவர் எழுந்திருக்கவே இல்லண்ணா" என்றார். மைசூர் ரயில்வே பணிமனையில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கெல்லாம் செய்தி இதற்குள் எட்டியிருக்கும். இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு 'அவன்' என்றுதான் வருகிறது.

ஓய்வு பெற்றதும் என் வீட்டு மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம் போடுவதென்று முடிவு செய்தோம். இருவருமே அதுவரை ஒரு துளசிச் செடியைக்கூட வளர்த்ததில்லை. விதையைத் தேர்ந்தெடுக்க ஞாயிறுதோறும் அவன் வீட்டில் உட்காருவோம். போனில் விதைக் கடையைத் திறந்து நான் ஒவ்வொன்றாகப் படிப்பேன். அவன் வேண்டாம் என்பான். பீர்க்கை? "பக்கத்து வீட்டுக்குப் படரும். அவங்க காயப் பறிச்சா நீ சும்மா இருப்பியா? வேண்டாம்." முள்ளங்கி? "வீடே நாறும். வேண்டாம்." தக்காளி? மைசூர்க் கன்னடத்தில் 'அப்பா' என்பதுபோல் ஒரு 'மாராயா' போட்டு, "தேவராஜ மார்க்கெட்ல கொட்டிக் கெடக்குது மாராயா. வேண்டவே வேண்டாம்."

ஒருமுறை பொறுமை இழந்து, "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? ஆடி பொறந்தாச்சு, ஆர்டர் போடறேன்" என்றேன். "அது தமிழ்நாட்டு மழைக்குச் சொன்னது. மைசூர் மழை உங்க பாட்டனைக் கேட்டுக்கிட்டா பெய்யுது? இங்க சித்திரையிலயே ஆரம்பிச்சாச்சு, நீ லேட்டு" என்றான். சரியென்று அடுத்த சித்திரையில் நான் தயாராக நின்றால், பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "நம்ம வழக்கப்படி ஆடிதான்" என்கிறான்! எனக்கு வந்த கோபத்தில் மண் தொட்டியை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். மீனா காபி கொண்டுவந்ததால் தப்பித்தான்.

காரியங்கள் முடிந்த பிறகு மீனா ஒன்று சொன்னார். "சனிக்கிழமை சாயங்காலமே யோசிக்க ஆரம்பிச்சிடுவாருண்ணா. நாளைக்கு அவன் வெண்டைக்காய்ம்பான், அதுக்கு என்ன சொல்லித் தட்டலாம்னு என்னையே கேப்பாரு. வெத வாங்கிட்டா நீங்க மாடிய விட்டு எறங்கி இங்க வரமாட்டீங்களாம்."

செருப்பை மாட்டிக்கொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

நேற்று ஆர்டர் போட்டேன். பீர்க்கை, முள்ளங்கி, தக்காளி, வெண்டை, எல்லாமே. ஒவ்வொன்றையும் தொடும் முன் சற்று நிறுத்தினேன். யாரும் குறுக்கே பேசவில்லை. முதல் முறையாக எனக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது, எதுவுமே வேண்டியிருக்கவில்லை.

அவனிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த 'வேண்டாம்' ஒன்றுதான். என் குரலில் சொல்லிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. விதை இன்னும் கடையிலிருந்து கிளம்பவில்லை என்று போன் காட்டுகிறது. சுந்தரம், ஒரே ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லேன்டா. எல்லாவற்றையும் ரத்து செய்துவிடுகிறேன்.