முருகனுக்கு மட்டும் சொன்னது

மகள் ஒஸ்லோவின் பெண்கள் காற்பந்து அணியொன்றில் கோல் காப்பவள். ஒருநாள் பயிற்சியில் மணிக்கட்டு பிசகி, மோர்டென்ஸ்ருட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு முகம் வாடி வந்தாள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவளால் ஆடமுடியாது.

“வெளியிலை ஒருத்தரோடையும் கதைக்கக்கூடாது,” என்றாள்.

அணிப் பட்டியல் வெளிவருமுன் காயச் செய்தி கசிந்து, அதை வைத்து யாராவது பந்தயம் கட்டினால் குற்றம். அவளை விளையாடவிடாமல் தடை செய்யவும் முடியும். என் கணவர் நன்றாகத் தலையாட்டினார். அவர் அப்படித் தலையாட்டினால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

திங்கள் பின்னேரம் அவருடைய நண்பர் லட்டுப் பெட்டியோடு வந்தார். கைபேசியில் பந்தயம் கட்டுகிறவர்.

“தங்கச்சி, பிள்ளைக்குக் கை ஏலாது எண்டு தெரிஞ்சு மற்றப் பக்கத்துக்குக் கட்டினனான். நல்ல காசு விழுந்தது!”

மனிதருக்கு வெட்கம் துளியும் இல்லை. அவர் போனதும் மகள் அறையிலிருந்து வந்தாள்.

“அப்பா, ஆருக்குச் சொன்னனீங்கள்?”

“ஆருக்கும் இல்லையம்மா. முருகனுக்குத்தான் சொன்னனான்.”

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியபோது, என்ன வேண்டுதல் என்று ஐயர் கேட்டிருக்கிறார். மணிச்சத்தத்தில் ஐயருக்குக் கேட்காமல் போய்விடுமே என்று இவர் மணிக்கட்டுக் கதையை உரக்கச் சொல்லியிருக்கிறார். பின்னால் நின்றவர் அந்த லட்டுக்காரர்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பெட்டியைத் தூக்கி எறியும் ஆத்திரமும் வந்தது. மகள் சிரிக்கவில்லை. “ட்ரேனருக்கு நானே சொல்லவேணும்,” என்று அப்போதே பயிற்சியாளரை அழைத்தாள்.

காற்பந்துச் சங்கத்தின் விசாரணை முடியும்வரை, கை சுகமான பிறகும், அவளை வெளியே உட்காரவைத்தார்கள். கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். அதுவரை இவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்காகக் கும்பிடப்போன மனிதர், பாவம். சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் அதை எழுதியவர்கள் வீட்டில் யாரும் அர்ச்சனைக்குப் போவதில்லை போல.

அதன்பிறகு மகள் காயம் எதையும் வீட்டில் சொல்வதில்லை. அது எனக்கு வலிக்கிறது.

போன மாதம் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வலது கையை மடியிலேயே வைத்திருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் இவர் எழுந்துபோய் ஒரு கரண்டி எடுத்துவந்து, அவளுடைய தட்டின் இடப்பக்கம் வைத்தார். மகள் அதை இடக்கையால் எடுத்துச் சாப்பிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலில் இவர் மகளின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார்.

“என்ன வேண்டுதல்?” என்றார் ஐயர்.

இவர் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“அது முருகனுக்குத் தெரியும், ஐயா.”