டேனியல் வேண்டாமென்ற சர்க்கரை

கார்த்தி, மலர், இங்கே சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் ஏறினால் பாதி சீட்டில் பட்டாளத்துப் பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். பச்சைச் சட்டை, மடியில் பெரிய பை, காதில் பாட்டு. முதல் தடவை பார்த்தபோது எங்கேயோ சண்டை வந்துவிட்டதென்று பயந்தே போனேன். அப்புறம்தான் தெரிந்தது, லீவு முடிந்து முகாமுக்குத் திரும்புகிறார்களாம். இந்த ஊரில் வயது வந்த ஆம்பிளைப் பிள்ளைகள் கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தே ஆகவேண்டும். சட்டம். கார்த்தி, நீ ஆள் எடுப்பில் தேறவேண்டுமென்று விடியற்காலையில் புது ஆத்துக் கரையில் மூச்சு வாங்க ஓடுகிறாய். நீ ஏங்குகிற உடுப்பை இங்கே கேட்காமலே கையில் கொடுக்கிறார்கள்.

அதை வேண்டாமென்ற பையனைத்தான் நீ போனில் பயந்தாங்கொள்ளி என்றாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. அதனால் அப்பா இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் செடிப் பண்ணையில் லாரி ஓட்டுகிறவர் லிம் அண்ணன், சீனர். அவர் மகன் டேனியல். தாய்வழியில் கிறிஸ்தவத்தில் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவன். அந்தச் சபைக்கே இங்கே அனுமதி கிடையாது. ஆயுதம் தொடமாட்டேன், உடுப்பும் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். அதற்குத் தண்டனை ராணுவச் சிறை. எனக்கு நம்மூர் மூளைதானே? கால் வலியென்று ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிவிட்டால் என்ன என்று லிம் அண்ணனிடம் கேட்டேன். லாரிக்குள்ளேயே சிரித்தார். "கன் நோ டச், லை ஆல்சோ நோ. டூ மச் டிரபிள், திஸ் பாய்! யுவர் சன் வான்ட், மை சன் டோன்ட் வான்ட். கம், வி சேஞ்ச் லா!" என்றார். பிள்ளைகளை மாற்றிக்கொள்ளலாமாம். சிரித்து முடித்தவர் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை.

இதை உங்கள் அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம். "ஐயோ, புள்ளைய ஜெயில்ல போடுவாங்களா? நான் ஆண்டவர்கிட்ட போய்ட்டு வந்துடறேன்" என்று நாகூருக்கு பஸ் ஏறிவிட்டாள். தர்காவில் ஓதி வாங்கிய சர்க்கரையை, இங்கே திரும்பிவந்த முத்துப்பேட்டைக்காரர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். கார்த்தி, நீ மஞ்சள்காமாலையில் கிடந்தபோதும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் சேர்த்துத்தான் வேண்டிக்கொண்டாள். எந்த வாசலில் வாங்கி வந்தாலும் நாம் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்கிறவர்கள். உலகமே அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். டேனியல் எழுந்து நின்று, நான் உடைந்த இங்கிலீஷில் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான். இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான். "டெல் ஆண்ட்டி தேங்க்ஸ். பட் கென்னாட், அங்கிள்." இந்த வயதிலேயே சர்க்கரை வியாதியா என்று நினைத்து, "லிட்டில் ஒன்லி, நோ பிராப்ளம்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சுகர் ஓகே, அங்கிள். ப்ரேயர் கென்னாட்." வேறு இடத்தில் ஓதி வாங்கியதை அவர்கள் சபையில் சாப்பிடக்கூடாதாம்.

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் இடிபட்டுப் போய் வாங்கிவந்தவளிடம் என்ன சொல்வேன்? திரும்பி வரும் வழியெல்லாம் அதே யோசனை. அப்புறம் மனசில் ஒன்று பட்டது. பயந்தவனாக இருந்தால் வாங்கி வைத்துக்கொண்டு, நான் போனதும் குப்பையில் போட்டிருப்பான். என்னிடம் எந்த முகத்தோடு வேண்டாமென்றானோ, அதிகாரியிடமும் அதே முகத்தோடுதான் சொல்லியிருப்பான். சின்ன நாடு, ஒருத்தனை விட்டால் மற்றவர்கள் கேட்கமாட்டார்களா என்கிறார்கள். அதுவும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஆஸ்பத்திரியில் தள்ளுவண்டி தள்ளுகிற மாதிரி ஏதாவது ஒரு வேலை கொடுக்கக்கூடாதா? சிறைதானா என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கிறது.

கார்த்தி, நீ ஓடு. உடுப்பு கிடைத்தால் முதல் போட்டோவை எனக்கு அனுப்பு, லிம் அண்ணனிடமும் காட்டுவேன். அதைப் போடாதவனைக் கோழை என்று மட்டும் சொல்லாதே. மலர், அந்த அண்ணன் சர்க்கரை சாப்பிட்டாரா என்று கேட்டாயே, இல்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

டேனியலை உள்ளே வைத்த அன்று லிம் அண்ணன் வேலைக்கு வரவில்லை. பண்ணையில் நான் மட்டும்தான். கடையில் சர்க்கரை போடாத கோப்பி வாங்கிவந்து, தொட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நாகூர்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். கண்ணில் ஒற்றியதும், யாருக்காக வேண்டுகிறோமோ அவர்கள் பேரைச் சொல்லித்தானே நமக்குப் பழக்கம்? கார்த்தி என்றேன், மலர் என்றேன். அடுத்த பேர் நாக்கு வரைக்கும் வந்தது. அதை அங்கேயே நிறுத்திக்கொண்டு, சர்க்கரையைக் கோப்பியில் கொட்டிக் கலக்கிக் குடித்தேன்.