பலகையில் ஒரு பொட்டு

கலிஃபோர்னியாவின் டாஹோ பனிமலையில், சறுக்க வருபவர்களைக் கம்பியில் தொங்கும் இருக்கைகளில் மேலே ஏற்றும் சேர்லிஃப்ட் பாதி வழியில் நிற்கிறது. மூடுபனி. முன்பின் தெரியாத ஒருவரோடு ஒரே இருக்கையில் அந்தரத்தில் தொங்குகிறேன். ஹெல்மெட், கண்ணாடி, முகத்துணி என்று எல்லாம் மூடியிருப்பதால் பக்கத்தில் இருப்பது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை.

அந்த முகம் குனிந்து என் காலில் மாட்டிய பனிச்சறுக்குப் பலகையை, ஸ்னோபோர்டைப் பார்க்கிறது. முனையில் குங்குமப் பொட்டு.

"ஆயுத பூஜைக்கு வெச்சதா?"

பெண் குரல், அதுவும் தமிழில்!

"ஆமாங்க. கார், லேப்டாப், இது, மூணுக்கும் வெச்சேன். அப்புறம் இந்த போர்டை இன்னிக்குத்தான் வெளிய எடுக்குறேன்."

"என்ன கார்?"

"எலெக்ட்ரிக். ஃப்ரீமாண்ட்லேர்ந்து அதுலதான் drive பண்ணி வந்தேன்."

"ஐயையோ! குளிர்ல சார்ஜ் நிக்காதே. நான் இந்த ஊருதான். எங்களுக்கெல்லாம் பழைய ஃபோர் வீல் டிரைவ்தான்."

என் காரைக் குறை சொன்னால் பெற்ற பிள்ளையைச் சொன்னதுபோல எனக்குக் கோபம் வரும். மேகத்துக்குள் மிதக்கும்போது ஏனோ வரவில்லை.

லிஃப்ட் நகர்ந்து உச்சியில் இறக்கிவிடுகிறது. பத்தடிக்கு அப்பால் வெறும் வெள்ளை. நான் இறங்காமல் ஓரமாக நிற்கிறேன்.

"பயப்படாதீங்க. என் போர்டு சத்தத்தைக் கேட்டுட்டே வாங்க."

பனியைச் சீவும் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு, கனவில் போவதுபோல இறங்குகிறேன்.

அடிவாரத்தில் மூடுபனி இல்லை. எங்கு பார்த்தாலும் ஹெல்மெட்டும் கண்ணாடியும். இதில் யார் அவர்? பொட்டைப் பார்த்து அவராவது என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று போர்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கிறேன். யாரும் வரவில்லை. இறக்கிப் பார்க்கிறேன்.

குங்குமத்தைப் பனி துடைத்துவிட்டிருக்கிறது.