காதுத் தொப்பியோடு ஒரு படம்

பலேர்மோவில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில் ஓர் உக்ரேன்காரி ரஷ்யப் பட்டாளத்து உடுப்புகளை விற்கத் தொடங்கியது தொண்ணூற்று மூன்றின் கடைசியில். அதற்கு முந்திய குளிர்காலத்தில் அவளை அங்கே நான் பார்த்ததில்லை. சோவியத் கலைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு படையே அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போனதுபோல் அவளுடைய விரிப்பில் நீண்ட கம்பளிக் கோட்டுகளும், பித்தளைக் கொளுவி வைத்த இடைவார்களும், சிவப்பு நட்சத்திரம் குத்திய காதுத் தொப்பிகளும் கிடந்தன. அந்தத் தொப்பியின் மடல்களை உச்சியில் கட்டிவிடலாம். குளிர் கூடினால் இறக்கித் தாடைக்குக் கீழே முடியலாம். சிசிலிக் குளிருக்கு அது அதிகம்.

அல்பெர்கேரியாப் பகுதியில் என் அறையில் இருந்த மன்னார் இளைஞன் நத்தார்ப் பண்டிகைக்கு முன் அந்த உடுப்புகளைப் போட்டுக்கொண்டு படம் எடுத்தான். அவன் மொஸ்கோ வழியாக வந்தவன். ஆட்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரன் அடைத்து வைத்த வீட்டில் ஒரு முழுக் குளிர்காலத்தையும் பருத்திச் சட்டையோடு கழித்தவன். அதை அங்கிருந்து தாய்க்கு எழுதியும் விட்டான். அன்றிலிருந்து தாயின் கடிதங்களில், குளிருக்கு என்ன போடுகிறாய் என்பதைத் தவிர வேறு கேள்வி இல்லை. மகன் கதகதப்பாக இருக்கிறான் என்று காட்டத்தான் அந்தப் படம்.

படம் கொழும்பில் இருந்த தம்பிக்குப் போனது. தம்பி அதை மன்னாரில் இருந்த தாயிடம் கொண்டுபோகும் வழியில், ஓர் இராணுவச் சோதனைச்சாவடியில் அவனுடைய பையைக் கொட்டினார்கள். அண்ணன் வெளிநாட்டில் ஆயுதப் பயிற்சி எடுக்கிறான் என்று சொல்லித் தம்பியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். தை மாதம் எங்களுக்குச் செய்தி வந்தது. பட்டாள நிறம் என்று ஊரில் பச்சைச் சட்டை போடக்கூட நாங்கள் யோசிப்போம். பலேர்மோவில் அவனுக்கு அது மறந்துபோயிருந்தது.

அவனிடம் இருந்த மற்றப் பிரதியை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தோள்பட்டி நீலம், விமானப்படையுடையது. கழுத்துப்பட்டியில் டாங்கிப் படையின் சின்னம். இரண்டையும் ஒன்றாக அணிந்த சிப்பாய் எந்த ஆண்டிலும் இருந்திருக்க முடியாது என்று, புத்தகங்களில் படித்ததை வைத்து அவனிடம் சொன்னேன்.

"அண்ணை, உந்தப் புத்தகக் கதை அவங்களுக்கு விளங்குமோ? இது சந்தையிலை விக்கிற சாமான் எண்டு கண்ணாலை காட்ட வேணும்."

அவன் சொன்னது சரி. கடை முழுக்கத் தெரிய, நாலைந்து பேர் தொப்பி போட்டுச் சிரித்தபடி ஒரு படம் எடுத்து அனுப்புவது என்று முடிவாயிற்று. ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எங்கள் ஆட்களிடம் கேட்டான். ஆளுக்கொரு பதில் வந்தது.

"எனக்கு ரெண்டு தங்கச்சிமார் அங்கை இருக்கினம். நான் மாட்டன்."

"உன்ரை தம்பிக்குப் பக்கத்திலை என்ரை தம்பியையும் இருத்தப் போறியே?"

"தொப்பி மடலை முகத்துக்குக் குறுக்கை கட்டிப்போட்டு வாறன், எடுப்பியோ?"

"முகத்தை மறைச்சால் உன்னை இயக்கத்துப் பெரியாள் எண்டெல்லோ நினைப்பாங்கள்."

கொஞ்சம் சிரித்துவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். அவன் யாரோடும் கோபிக்கவில்லை. என்னை அவன் கேட்கவே இல்லை. என் அக்காவின் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு அதே சாவடியைத் தாண்டித்தான் போகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

கடைசியில் வந்தவர் கீழ்வீட்டு மொரீஷியஸ்காரர். பொலிதேயாமா அரங்கின் பக்கம் அலுவலகங்கள் துப்புரவு செய்பவர். தமிழ் வம்சம் என்றாலும் சாமி கும்பிடும் சொற்களைத் தவிர அவருக்குத் தமிழ் வராது. "அங்கே எனக்கு யாரும் இல்லை, எனக்கென்ன பயம்?" என்று இத்தாலியனில் கேட்டார். கோட்டு அவர் வயிற்றை மூட மறுத்தது. ஒரு தொப்பிக்கு மேல் இன்னொரு தொப்பியை வைத்துக்கொண்டு, விலை எழுதிய அட்டையையும் பிடித்தபடி, உக்ரேன்காரியின் பக்கத்தில் நின்று பல் தெரியச் சிரித்தார். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டோம்.

மாசிக் கடைசியில் தாயோடு தொலைபேசியில் கதைத்துவிட்டு அவன் வெளியே வந்தான்.

"அம்மா படத்தைச் சாவடிக்குக் கொண்டுபோய்க் காட்டினவவாம். பாத்துச் சிரிச்சாங்களாம். கடைதான் எண்டு ஒத்துக்கொண்டாங்களாம்."

"பிறகென்ன?"

"தம்பி அங்கை இல்லை அண்ணை. படம் போறதுக்கு முந்தியே தெற்குப் பக்கம் ஏத்திப் போட்டாங்கள். எந்த முகாம் எண்டு தங்களுக்குத் தெரியாதாம்."

அன்று பின்னேரம் அவன் தன் இத்தாலிய எசமானியான சிஞ்ஞோராவின் வீட்டு வேலைக்குப் போனான். அதன்பிறகு ஊரிலிருந்து யார் வந்தாலும் முகாம்களின் பெயர்களைக் கேட்டு வைத்துத் தாய்க்குச் சொல்வான். தாய் ஒவ்வொன்றாகப் போய் விசாரித்தார். தொண்ணூற்றேழில் அவன் ஜெர்மனிக்குப் போகும்வரை அவற்றில் ஒன்றில்கூடத் தம்பி இல்லை.