மூட்டையில் ஒரு துணி கூடுதல்

லாண்ட்ரி தொழிலில் இருக்கும் இளம்பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கறை எடுப்பது பற்றிக் கேட்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் சோப்பு இல்லாமல் எப்படி வெளுத்தீர்கள் என்றும் கேட்பார்கள். சாம்பல் தண்ணீரில் வெளுத்தோம். மரவள்ளி மாவில் கஞ்சி போட்டோம். அந்த மாவையே சாப்பிடவும் செய்தோம், அவ்வளவுதான். நான் எழுத வந்தது வேறு. பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அப்படியும் எழுதலாமா கூடாதா என்று இந்தப் பேனாவைப் பல தடவை கீழே வைத்துவிட்டேன்.

கொடிக்குப் பின்னால்

காஜா பெராங் தெருவில் வேலாயுதம் அண்ணனின் லாண்ட்ரிக் கடையில் நான் இஸ்திரி போடுபவனாக இருந்தேன். துணி எடுத்துவருவதும் கொண்டுபோய்க் கொடுப்பதும் என் வேலைதான். படிப்பு பாதியில் நின்றுபோனது. சின்ன வயதிலிருந்தே எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். இஸ்திரிப் பெட்டியில் கரி அணைந்துவிட்டதா என்று வீட்டுக்குப் போனவன் திரும்பி வந்து பார்ப்பேன்.

ஒரு காலை காய்ந்த படுக்கை விரிப்புகளை எடுக்கக் கடைக்குப் பின்னால் போனேன். விரிப்புகளுக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன. விலக்கிப் பார்த்தால் ஒரு பெண். ரப்பர் தோட்டத்துப் பெண் என்று முகத்தில் எழுதியிருந்தது. உடம்பிலோ ஜப்பான்காரர்கள் வீட்டில் உடுத்தும் நீளமான அங்கி, நீலப்பூ போட்டது.

நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, "இது யார் துணி?"

டோபி வேறு எதைக் கேட்பான்? அவள் கழுத்துப் பட்டியைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே சிவப்பு நூலில் எங்கள் கடைக்குறி இருந்தது. சாதாரணமாகச் சேராங்கொட்டை மையில்தான் குறி போடுவோம். கப்பல் நின்றபின் கொட்டை வரவில்லை, நூலால் தைத்துக்கொண்டிருந்தோம். இந்தச் சிவப்புக் குறி கடலோரத்தில் இருந்த ஒரு பங்களாவுக்கு உரியது.

அது என்ன பங்களா என்று ஊருக்கே தெரியும். சிப்பாய்களுக்காகப் பெண்களை வைத்திருந்த இடம். வாரா வாரம் மூட்டை எடுக்கப் போவேன். பின்வாசலில் நிற்பேன், மூட்டை வரும், தலையைத் தூக்காமல் வந்துவிடுவேன். அந்தப் பின்வாசலில் என்னைப் பார்த்து வைத்திருந்து, என் சைக்கிள் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டு வைத்திருந்துதான் இவள் வந்திருக்கிறாள்.

அண்ணன் வந்தார். அவரும் முதலில் கழுத்துப் பட்டியைத்தான் பார்த்தார். அவர் மனைவி ராசம்மா அக்காதான் எங்கள் இருவரையும் தள்ளிவிட்டு, "சாப்டியாம்மா?" என்று கேட்டார்.

பாக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போனவர், ஒரு தகவலும் இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் துணி துவைக்க ஆள் வேண்டும், அரிசி கிடைக்கும் என்று கங்காணி வந்து சொல்லியிருக்கிறான். லாரியில் ஏறியிருக்கிறாள். லாரி ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மீதியை அக்காவிடம் மட்டும் சொன்னாள். வெளியே வந்த அக்கா கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார், சீவி முடித்த கிழங்கையும் சீவினார்.

அண்ணனின் கணக்கு

மறுநாள் மார்க்கெட்டில் செய்தி பரவிவிட்டது. பங்களாவில் ஒருத்தி துணி திருடிக்கொண்டு ஓடிவிட்டாள், ஒளித்து வைத்தவர்களுக்கும் தண்டனை உண்டு என்று பங்களாக்காரர்கள் புகார் கொடுத்திருந்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓடியது குற்றமா, துணியோடு ஓடியது குற்றமா? உடுத்தியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டா ஓட முடியும்?

அண்ணன் இதை யோசித்த விதம் வேறு. அவர் கடையில் அடுத்தவர் துணி ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. கஸ்டமர் துணியை எடுத்து உடுத்தும் டோபிகள் உண்டு, வாடகைக்கு விடுபவர்களும் உண்டு. அண்ணன் அந்த ரகமில்லை.

"துணி நம்மகிட்ட இருக்கற வரைக்கும் அவ திருடி, நாமளும் திருட்டுக்குக் கூட்டு. வெளுத்துத் திருப்பிக் குடுத்துட்டா யாரு திருடி?" என்றார்.

எனக்கும் அது சரி என்றே பட்டது. அக்கா தன் பழைய சேலை ஒன்றைப் பாக்கியத்துக்கு உடுத்தக் கொடுத்தார். அங்கியை அண்ணன் தன் கையால் வெளுத்தார். கஞ்சி போட்டு நான் இஸ்திரி போட்டேன். அவ்வளவு நேர்த்தியாக அந்த வீட்டுத் துணி எதற்கும் நான் மடிப்பு வைத்ததில்லை. வழக்கமான மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டினோம்.

மூட்டையைக் கொண்டுபோய்ப் பின்வாசலில் கொடுத்துவிட்டு, டயருக்குப் பதில் ரப்பர் குழாய் சுற்றிய சைக்கிளில் தடதடவென்று திரும்பி வந்தேன். வழி முழுக்க மனசு லேசாக இருந்தது. திருடிய பொருள் உடையவரிடம் போய்விட்டது, இனி அவள் திருடி இல்லை.

துணி எண்ணி வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் குறைந்தால்தான் சண்டை என்பது எங்கள் அனுபவம். கூடுதலாக வந்ததற்கு எந்தக் கஸ்டமரும் எங்களிடம் சண்டைக்கு வந்ததில்லை.

யூசுப் சொன்ன சட்டம்

கார்ப்பரல் யூசுப் ஜாலான் துக்காங் எமாஸ் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, தமிழ் முஸ்லிம். வெள்ளைக்காரன் காலத்திலும் அவர் மாத்தா, ஜப்பான்காரன் காலத்திலும் மாத்தா. போலீஸை அப்போது நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர் உடுப்பு எங்கள் கடையில்தான் வெளுக்கும். அவர் வந்தார், கூடவே பங்களா மேனேஜரின் ஆள் ஒருவனும் வந்தான். அவனை எதிரே காப்பிக்கடையில் உட்காரச் சொல்லிவிட்டு இவர் மட்டும் உள்ளே வந்தார்.

இஸ்திரி மேசையில் என் கை நின்றுவிட்டது. ஒரு சட்டை தீய்ந்து போனது.

"அண்ணே, மூட்டையில ஒரு துணி கூடுதலா போயிருக்கு," என்றார்.

அண்ணன் மறைக்கவில்லை. துணி திரும்பிப் போய்விட்டதே, இனி அந்தப் பெண் திருடி இல்லையே என்று நியாயம் பேசினார்.

"ஆமாண்ணே, இப்ப அவ திருடி இல்ல. அதான் சூசா, அதான் கஷ்டமே. திருடி இல்லாட்டி எனக்குக் கேஸ் இல்ல. பேசாம வீட்டுல கொண்டுபோயி விடணும்."

"அப்ப தோட்டத்துக்கே அனுப்பிடலாம்ல?"

"எந்த வீடுன்னு நெனச்சீங்க?" என்று யூசுப் காப்பிக்கடைப் பக்கம் கண்ணைக் காட்டினார்.

யூசுப் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, ஏதோ அரிசி விலை பேசுகிற குரலில் சொன்னார். பட்டாளத்துச் சொத்தைத் திருடினால் அவர்களே விசாரிப்பார்கள், அங்கே போனவர் திரும்புவது சந்தேகம். ஊர்க்காரர் சொத்தைத் திருடினால் அது டவுன் கேஸ். கோர்ட்டு, ஜெயில். ஜெயிலில் இருப்பவளைப் பங்களாக்காரர்கள் வந்து கேட்க முடியாது, அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிடும்.

அவர் எங்களுக்கு வழி சொன்னாரா, தனக்கு ஒரு கேஸ் தேடினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமே எடுக்காத புள்ளைய நான் திருடின்னு சொல்லணுமா? என்ன தம்பி இது?"

அப்போது பாக்கியம் கொடிக்குப் பின்னாலிருந்து வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"எடுத்தேன்னு சொல்லுங்கண்ணே."

"எதம்மா எடுத்த?"

"எதையாச்சும் சொல்லுங்க. அங்க மட்டும் வேணாம்."

அண்ணன் கடையைச் சுற்றிப் பார்த்தார். சுவர் முழுக்க மடித்த துணி, எல்லாம் கஸ்டமர்களுடையது. எந்தக் கஸ்டமர் துணி களவு போனதென்று சொல்வார்? அந்த நேரத்திலும் அவர் அதைத்தான் யோசித்தார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நானும் அதைத்தான் யோசித்தேன். ராசம்மா அக்கா எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே போய்த் தன் கல்யாணச் சேலையை எடுத்து வந்தார், மஞ்சள் பட்டு. அதைப் பாக்கியத்தின் கக்கத்தில் திணித்தார். அவள் முடியைப் பிடித்தார். தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய், பெட்டியை உடைத்துச் சேலையைத் திருடிவிட்டாள் என்று காஜா பெராங் முழுக்கக் கேட்கக் கத்தினார். கன்னத்தில் அறைந்தார். அது பொய் அறை இல்லை. மேனேஜர் ஆள் எழுந்து வந்தான். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. இது வேறு கேஸ் என்று சொல்லி யூசுப் அவளுக்கு விலங்கு மாட்டினார்.

அவர்கள் போனபின் அக்கா கிணற்றடியில் உட்கார்ந்து, அறைந்த கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டே இருந்தார்.

கோர்ட்டில் நான்

சாட்சி நான்தான். நீ பார்த்தாயா என்று நீதிபதி கேட்டார். பார்த்தேன் என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நீதிபதி நல்ல மனிதர், சின்ன வயது, பசி, முதல் குற்றம் என்று இரக்கப்பட்டுச் சில மாதம் மட்டும் போட்டார். அவர் நல்ல மனிதராக இருந்ததுதான் எனக்குப் பயம், சீக்கிரம் வெளியே வந்தால் பங்களாக்காரர்கள் காத்திருப்பார்களே. இன்னும் கொஞ்சம் கூட்டிப் போடக்கூடாதா என்று சாமியை வேண்டினேன். ஒரு பெண்ணுக்கு ஜெயில் கூடுதலாக வேண்டும் என்று வேண்டுகிறோமே, இது என்ன பிரார்த்தனை?

அந்த நாளில் ஜெயில் ஒன்றும் நல்ல இடமில்லை. அக்கா கிழங்கு அவித்துக்கொண்டு போவார், சில நாள் உள்ளே விடமாட்டார்கள். பாக்கியத்துக்குக் காய்ச்சல் வந்தது, முடியை வெட்டிவிட்டார்கள். செத்துப்போனால் அவளைக் கொன்றது யார் என்று படுக்கையில் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் வெளியே வந்தபோது பாதி ஆளாக இருந்தாள். ஆனால் அதற்குள் பங்களாவைக் காலி செய்து வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். யூசுப் சொன்னது பலித்தது, யாரும் அவளைத் தேடவில்லை.

அவள் கேட்டுக்கொண்டது

அக்கா அவளைக் கடையிலேயே வேலைக்கு வைத்தார். சேலையைத் திருடியவளை லாண்ட்ரிக் கடையிலா வைப்பது என்று கஸ்டமர்கள் முகம் சுளித்தார்கள். ஒரு அம்மா, தன் துணியை அவள் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் திரும்பி வந்தபின், உண்மையைச் சொல்லிவிடலாம், இனி யாருக்குப் பயம் என்று அண்ணன் கிளம்பினார்.

பாக்கியம் குறுக்கே நின்றாள். "வேணாண்ணே. திருடின்னா ஒரு தடவ பாத்துட்டு விட்டுடுவாங்க. அந்த வீட்டுல இருந்தவன்னா பாத்துக்கிட்டே இருப்பாங்க."

அண்ணன் காலில் மாட்டிய செருப்பைத் திரும்பக் கழற்றிப் போட்டார்.

கங்காணியை யாரும் எதுவும் கேட்கவில்லை. லாரிக்காரனையும் கேட்கவில்லை. ஜெயிலுக்குப் போனது ஒரே ஒரு ஆள், லாரியில் ஏற்றப்பட்டவள். அவளுக்கு நாங்கள் செய்தது உதவியா என்று கேட்டால், ஆமாம் என்று சொல்ல வாய் வருகிறது, மனசு வருவதில்லை.

தொழிலில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமே. உங்கள் கொடிக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால், யார் துணி என்று முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அதற்கப்புறம் என்ன செய்வது என்று எனக்கும் தெரியாது.

பாக்கியம் அந்தக் கடையிலேயே கடைசிவரை இருந்தாள், பிறகு கடையே அவள் கைக்கு வந்தது. கொஞ்ச நாளைக்கு முன் போய்விட்டாள். காரியத்துக்குக் கிளேபாங்கிலிருந்து ஒரு பழைய கஸ்டமர் வந்திருந்தார். "நல்ல மனுஷி. என்ன, ஜப்பான்காரன் காலத்துல ஒரு சேலையத் திருடிட்டா. பாவம், பசி," என்றார்.

அண்ணன் இல்லை, அக்கா இல்லை, யூசுப் இல்லை. தெரிந்தவன் நான் ஒருவன்தான் அங்கே இருந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஆமா, பசிதான்," என்றேன்.