மாசமாக இருந்த வேப்பமரம்

செடி விற்கிற தொழிலில், செழித்த செடியைப் பற்றிச் சொல்ல ஒருவரும் திரும்பி வருவதில்லை. வாசலில் நாலு தொட்டி வைத்து, வாடின இலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற உங்களுக்கும் அந்தத் துக்கம் தெரிந்திருக்கும். நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். திருமயம் ரோட்டில், ஒரு சின்ன அம்மன் கோயிலை ஒட்டி நர்சரி வைத்திருக்கிறேன். செடிக்குள் தண்ணீர் ஏறும் வழியும் சோறு இறங்கும் வழியும் எனக்குத் தெரியும். தெரிந்ததால் பயம் குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த வருஷம் ஒரு வேம்பும் ஒரு வயிற்றுப் பிள்ளையும் என்னைத் தூங்கவிடவில்லை.

விடியற்காலைச் சொட்டு

வேம்புக்கு முன்னால் ஒரு சேம்பு. புதுக்கோட்டையிலிருந்து, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் என்னிடம் வாங்கிய சேம்பைத் தொட்டியோடு தூக்கி வந்தார். விடியும்போது இலை நுனிகளில் நீர் திரண்டு தரையில் சொட்டுகிறதாம். வெயில் இல்லாத நேரத்தில் இலை நீரை ஆவியாக விடாது, வேரோ தள்ளிக்கொண்டே இருக்கும், மிச்சம் நுனி வழியாக வெளியே வரும், பயப்பட ஒன்றுமில்லை என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தொட்டியை மட்டும் திரும்ப எடுக்கவில்லை. கேட் வரை போய்த் திரும்பிச் சொன்னார்: "எம் பொண்டாட்டி போன பெறகு எங்க வீட்ல அழுதது இது ஒண்ணுதாம்மா. இங்கிட்டே இருக்கட்டும்."

பூசாரி கேட்ட உரம்

கோயில் வேம்பு இளமரம். பிள்ளை வரம் கேட்பவர்கள் அதில் துணித் தொட்டில் கட்டுவார்கள். ஒருநாள் பூசாரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இடுப்பு உயரத்தில் தண்டு சுற்றிலும் புடைத்திருந்தது. பெண்கள் அந்தப் புடைப்புக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். யாரோ கண்ணாடி வளையல்களைக் கோத்து அதில் கட்டியிருந்தார்கள். புடைப்பின் அடியில் நகத்தை ஓட்டினேன். பள்ளத்துக்குள் வழுவழுவென்று தட்டுப்பட்டது, மீன் பிடிக்கிற நைலான் தூண்டில் நரம்பு. கண்ணுக்கும் தெரியாது, மக்கவும் மக்காது. தொட்டில் உதிர்ந்து போயிருந்தது, கட்டு மட்டும் இறுகியிருந்தது.

வேர் குடிக்கும் நீர் உள்மரத்தின் வழியாக மேலே ஏறுகிறது. நரம்பு அதைத் தடுக்கவில்லை, அதனால் இலைகள் பச்சை. இலை சமைக்கும் உணவு பட்டையின் வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். அது நரம்பில் முட்டி, தேங்கி, புடைத்துக்கொண்டிருந்தது. மேலே காற்றில் இலைகள் ஆடுகின்றன, கீழே இருட்டில் வேர் பட்டினி கிடக்கிறது. சேமித்தது தீரும்வரை, தான் சாவது மரத்துக்கே தெரியாது. இதை எப்படிச் சொல்வது என்று நான் நிற்க, பூசாரி மரத்துக்குக் கேட்டுவிடாதபடி குரலைத் தாழ்த்தினார்: "ஆத்தா மாசமா இருக்கா, அக்கா. என்ன ஒரம் வைக்கலாம், சொல்லுங்க."

நரம்பைக் கட்டியவள்

நரம்பை அறுக்கப் போகிறேன் என்று பூசாரியிடம் சொன்ன சேதி எப்படிப் பறந்ததோ, மறுநாளே மீமிசலிலிருந்து பஸ் ஏறி ஈஸ்வரி வந்து நின்றாள். இந்த ஊரில் பிறந்து அங்கே ஒரு மீனவருக்கு வாக்கப்பட்டவள். ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டு தடவையும் தொட்டில் கட்டிய துணிக்கயிறு மக்கி அறுந்திருந்ததாம். அதனால்தான் பிள்ளைகள் போயின என்று நம்பி, மூன்றாவதற்குப் புருஷனின் தூண்டில் நரம்பைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறாள். பிள்ளை பிறக்கும்வரை அதில் கை வைக்கக் கூடாது என்றாள்.

என்னோடு வேலை செய்யும் செல்விக்கு வாய் சும்மா இருக்காது. "மரம் பட்டுப்போனா மட்டும் ஆத்தா சும்மா விட்ருவாளா தாயி?" என்றாள். ஈஸ்வரி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்: "மரத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆத்தாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். எம் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க யாருகிட்டம்மா கேப்பீங்க?"

பாலம்

நரம்பைத் தொடவில்லை. அதே வேம்பின் குச்சிகளைச் சீவி, ஒரு முனையைப் புடைப்புக்கு மேலேயும் மறுமுனையைப் பள்ளத்துக்குக் கீழேயும் பட்டைக்குள் செருகிக் கட்டினேன். வேண்டுதலைத் தாண்டிக்கொண்டு சோறு இறங்கட்டும் என்ற எண்ணம். குச்சிகள் காயவில்லை. வாரம் போகப் போகச் சதை பிடித்தன. மஞ்சள் பூசிய அந்தப் புடைப்பின் மேல் அவை விரல்கள்போலப் படர்ந்திருந்ததைப் பார்த்த செல்வி, குடத்தை வைத்துவிட்டுப் பின்வாங்கினாள்: "உள்ள இருந்து யாரோ கைய நீட்டி வயித்தப் புடிச்சிருக்க மாதிரி இருக்கு. இனிமே அங்கிட்டு நீங்களே தண்ணி ஊத்துங்க."

கொடி

கைக்குழந்தையோடு ஈஸ்வரி வந்தாள். பையன். பிறக்கும்போது கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். நீலம் பாரித்துக் கிடந்தானாம். "டாக்டரம்மா கொடிய அறுத்த பெறகுதான் அழுதான். இதையும் அறுத்துருங்கம்மா, இப்பவே" என்றாள்.

கத்தியோடு போனேன். புடைப்பும் அடிப்பட்டையும் இரண்டு உதடுகள்போல ஒட்டியிருந்தன. நகம் நுழைய இடமில்லை. நரம்பை மரம் விழுங்கி, மேலே புதுப்பட்டை போர்த்திக்கொண்டுவிட்டது. தோண்டி எடுத்தால் மரம் பிழைக்காது, இனி அது மரத்தை ஒன்றும் செய்யாது என்றேன். ஈஸ்வரி பிள்ளையின் கழுத்தைச் சேலைத் தலைப்பால் மூடினாள். மரத்தைப் பார்க்காமலே கேட்டாள்: "அப்ப அது உள்ளேயே இருந்துக்கிட்டு, இவன் வளர வளர இறுகுமாம்மா?"

பதில் தெரியாத கேள்விக்கெல்லாம், தண்ணீரை அளவாக ஊற்றுங்கள் என்று சொல்லி அனுப்புவதுதான் நர்சரிக்காரியின் பிழைப்பு.